சாப்பாட்டுக் கோப்பையில் கிடப்பதெல்லாம் உடம்பில் சேருவதில்லை

களுவாஞ்சிகுடியில் தங்கச்சி வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தோம். சோறு, கீரி மீன் ஆணம், மைசூர்ப் பருப்பில் ஒரு பாலாணம், வளவு முருங்கையில் ஒடித்த இலைச் சுண்டல். தங்கச்சியின் மகளுக்கு மூன்றாம் மாதம் முடிகிறது. சத்தி நின்று ஒரு கிழமைதான். பிள்ளை ஆசையாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து குந்தியதும் தாய் வழக்கம்போல ஆளுக்கொரு கிளாஸ் சாயத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மறுகையில் கிளினிக் கார்ட். ஈமோகுளோபின் 9.8 என்று எழுதியிருந்தது. அந்த மாதத்தில் 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

“அக்கா, கீரையும் மீனும் இந்த ஊட்டுல ஒரு நாளும் குறைஞ்சதில்ல. மறுகா ஏன் கா இவளுக்கு ரெத்தம் இல்லையாம்?”

மருமகன் அதற்குள் பார்மசிக்குப் போய்ப் பெரிய விற்றமின் போத்தல் ஒன்று வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டான். அந்தப் போத்தலின் விலைக்கு எத்தனை நாள் மீன் வாங்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே நான் தங்கச்சியின் கேள்வியை யோசித்தேன். மிகவும் நியாயமான கேள்வி அது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனையோ தாய்மார் கேட்கிற கேள்வி. கடல் ஒரு பக்கம், வாவி நடுவில், வயலும் குளமும் மாடும் மறுபக்கம் என்று இருக்கிற மண்ணில், கோப்பை நிறையச் சோறும் கறியும் இருந்தும் சத்து ஏன் குறைகிறது?

பதிலில் பாதி, அவள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணிக் கிளாஸிலேயே இருந்தது.

உணவில் உள்ள இரும்புச்சத்து இரண்டு விதம். மீன், இறைச்சி, ஈரல் இவற்றில் இருப்பதில் ஒரு பகுதி, இரத்தத்தில் இருக்கும் அதே வடிவிலேயே இருக்கும். குடல் அதைச் சிரமமின்றி எடுத்துக்கொள்ளும். நூற்றில் 15 முதல் 35 பங்கு வரை சேரும். கீரை, பருப்பு, பயறு, குரக்கன், அரிசி ஆகியவற்றில் இருக்கும் இரும்பு வேறு வடிவம். அதில் நூற்றுக்கு 2 பங்குதான் சேரும் என்றும் சொல்லலாம், 20 பங்கு சேரும் என்றும் சொல்லலாம். அவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வருகிறது? அந்தக் கீரையோடு வயிற்றுக்குள் வேறு என்ன போகிறது என்பதைப் பொறுத்துத்தான்.

தேயிலைச் சாயத்தின் துவர்ப்பு இருக்கிறதே, அதைத் தருகிற பொருட்கள் கீரையின் இரும்பைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டுண்ட இரும்பு குடலுக்குள் ஏறாது, வந்த வழியே வெளியே போகும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கிளாஸ் சாயத் தேத்தண்ணி, அந்தச் சாப்பாட்டில் இருந்து கிடைக்க வேண்டிய மரக்கறி இரும்பில் பாதிக்கும் மேலே பறித்துவிடும். கோப்பியும் அப்படித்தான். பால் ஊற்றினால் தப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பாலின் கல்சியமும் இரும்புக்கு வழிவிடாத ஒன்றுதான். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விட்டால் போதும், சேதம் நன்றாகக் குறையும்.

எதிர்ப்பக்கத்தில் இரும்புக்குக் கை கொடுக்கும் பொருள் விற்றமின் சி. அது கீரையின் இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். மீன் துண்டு ஒன்று கூட இருந்தால் அதுவும் உதவும். மீனும் இறைச்சியும் தங்கள் இரும்பைத் தருவதோடு, பக்கத்தில் கிடக்கும் கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆகவே சுண்டலும் மீன் ஆணமும் ஒரே கோப்பையில் சேருவது வாய்க்கு மட்டும் நல்ல பொருத்தம் இல்லை. நெத்தலி போட்டுச் சுண்டிய முருங்கை இலை, தேசிக்காய்ப் புளி விட்ட வல்லாரை, கறியோடு ஒரு துண்டு கொய்யாப்பழம்: இதையெல்லாம் எங்கள் பாட்டிமாரான பெத்தாமார் இரும்புக் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

அன்று பின்னேரம் தங்கச்சி சுண்டல் செய்யும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இலையை உருவி, கழுவி, சட்டி நிறையத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள். பச்சைத் தண்ணீர் ஆனதும் அதை வடித்து ஊற்றிவிட்டாள்; கசப்புப் போகுமாம். பிறகு தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், மஞ்சள் போட்டு அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காயைப் பிழிந்து மூடிவிட்டாள். வடித்து ஊற்றிய அந்தப் பச்சைத் தண்ணீரோடு விற்றமின் சியும் போலிக் அமிலமும் பெரும்பாலும் வாய்க்காலுக்குப் போயின. இரண்டுமே தண்ணீரில் கரைபவை, சூட்டுக்கும் தாங்காதவை. அடுப்பில் கொதித்த தேசிக்காய்ப் புளியில் புளிப்பு மிஞ்சும், விற்றமின் அவ்வளவாக மிஞ்சாது.

எங்கள் பெத்தா செய்தது இப்படி இல்லை. குருத்து இலையாகப் பார்த்து உருவுவார். கழுவியபோது இலையில் ஒட்டிய ஈரமே தண்ணீர். சட்டி நன்றாகச் சுட்டதும் வெங்காயமும் கொச்சிக்காயும் ஒரு பிரட்டல், இலையைப் போட்டு இரண்டு மூன்று பிரட்டல், இலை சுருண்டதும் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கிவிடுவார். கீழே வைத்துச் சூடு தணிந்த பிறகுதான் தேசிக்காய். “அடுப்புல புளி உடாத புள்ள, கச்சுப்போம்” என்பார். அவர் சொன்னது ருசிக்காக. அதற்குள் ஒரு வேதியியலும் இருந்தது.

இனி ஒரு கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பச்சை முருங்கை இலை 100 கிராமில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒருவர் ஒரு நேரத்தில் சாப்பிடும் சுண்டலில் 50 கிராம் இலை என்று வைத்தால் 2 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு உணவில் 27 மில்லிகிராம் அளவு வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். கீரையால் மட்டும் அந்தப் பள்ளத்தை மூட முடியாது. கிளினிக்கில் முதல் மூன்று மாதம் போலிக் அமிலமும், பிறகு இரும்பு, விற்றமின் சி, கல்சியம் குளிசைகளும் தருவது அதனால்தான். அந்தக் குளிசையைத் தேத்தண்ணியோடோ பாலோடோ விழுங்கக் கூடாது. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடவும் கூடாது. ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில் என்று குடும்பநல மாது சொல்லித் தருவது இந்த இழுபறிக்காகத்தான். குளிசை போட்டதும் வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து கூரையில் செருகிவிடுகிற பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். கறுப்பாகப் போவது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் பிரட்டினால் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும், அவர்கள் நேரத்தை மாற்றித் தருவார்கள். சொல்லாமல் நிறுத்தினால்தான் ஆபத்து.

முருங்கை பற்றிப் பேசும்போது இன்னொன்று. பாலைவிடப் பதினேழு மடங்கு கல்சியம், கரட்டைவிடப் பத்து மடங்கு விற்றமின் ஏ என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த மடங்குகள் காயவைத்து இடித்த இலைத் தூளைப் பச்சைப் பாலோடும் பச்சைக் கரட்டோடும் எடைக்கு எடை ஒப்பிட்டு வந்தவை. ஈரம் முழுவதும் போன தூளில் எல்லாம் செறிந்துதான் இருக்கும். ஆனால் தூளை ஒருவர் ஒரு தேக்கரண்டி சாப்பிடுவார்; பாலை ஒரு கிளாஸ் குடிப்பார். காயும்போது விற்றமின் சியின் பெரும்பகுதியும் போய்விடும். வளவில் மரம் நிற்கும்போது தூள் போத்தல் வாங்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

அதே மாதிரி இன்னொரு செய்தி பழஞ்சோறு பற்றியது. இரவு தண்ணீரில் ஊறிய சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்பு 73.9 ஆகிவிடுகிறதாம். இரும்பு ஒரு கனிமம். ஊறுவதாலோ புளிப்பதாலோ அது பிறக்காது. சோற்றில் என்ன இருந்ததோ அதுதான் காலையிலும் இருக்கும். புளிக்கும்போது நடக்கிற நல்ல காரியம் வேறு: தானியத்திலும் பருப்பிலும் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிவைத்திருக்கும் பைற்றேற் என்ற பொருள் கொஞ்சம் உடைந்து, இருப்பது கூடுதலாகச் சேரும். பயறை ஊறவைத்து முளை கட்டினாலும், உழுந்தை அரைத்துப் புளிக்கவிட்டாலும், குரக்கனை முளைக்கவைத்துக் காயப்போட்டு இடித்தாலும் இதே வேலைதான் நடக்கிறது. பழஞ்சோற்றுக்கு வெங்காயமும் கொச்சிக்காயும் தயிரும் போட்டுப் பிசைந்து தின்பது நல்ல சாப்பாடு. இல்லாத பெருமையை அதன் தலையில் ஏற்றத் தேவையில்லை.

சோற்றைப் பற்றிப் பேசாமல் எங்கள் பக்கத்துச் சத்துக் கதையைப் பேச முடியாது. இங்கே மூன்று வேளையும் அரிசிதான், காலையில் பிட்டாக, மத்தியானம் சோறாக, இரவில் இடியப்பமாக. அந்த அரிசிக்குள் என்ன இருக்கிறது என்பது நூறு வருடங்களுக்கு முன் பல ஆயிரம் உயிர்களின் பிரச்சினையாக இருந்தது.

1890களில் யாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், கால்கள் சோர்ந்து மனிதர்கள் மடிந்துபோகும் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு வளர்த்த கோழிகளுக்கும் கால் சோர்ந்தது. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தால், சோர்ந்த காலத்தில் அவை தின்றது ஆஸ்பத்திரிச் சமையலில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோறு. புதிதாக வந்த சமையற்காரர் படையினரின் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்ததால், தவிடு போகாத அரிசிக்கு மாறியதும் எழுந்து நடந்தன. தவிட்டோடு போன ஏதோ ஒன்றுதான் காரணம் என்ற வழி அங்கே திறந்தது. 1912ல் காசிமிர் பங்க் அத்தகைய பொருட்களுக்கு வைத்த பெயர்தான் இன்று நாம் சொல்லும் விற்றமின். எய்க்மனுக்கு 1929ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருள் விற்றமின் பி1.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மலாயாவில் நடந்தது. சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாகச் சாக, அதே நாட்டில் தோட்டங்களிலும் வீதிகளிலும் வேலை செய்த தமிழருக்கு அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. அங்கே மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர் தின்றது தீட்டிய பச்சையரிசி. தமிழர் தின்றது புழுங்கல். 1905ல் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு பகுதியினருக்குப் பச்சையரிசியும் மற்றப் பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சையரிசி தின்றவர்களிடையே நோய் பரவியது, புழுங்கல் பக்கம் பரவவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி விற்றமின்கள் தண்ணீரில் கரைந்து மணியின் உள்ளே இறங்கிவிடுகின்றன. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். தமிழரைக் காப்பாற்றியது அவர்களுடைய நெல் அவிக்கும் பழக்கம்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வளவில் நெல் அவிப்பார்கள். முதல்நாள் ஊறிய நெல்லைக் கிடாரத்தில் போட்டு, உமியும் மட்டையும் எரித்து, நெல் வாய் வெடிக்கும்போது இறக்கிப் பாயில் பரத்துவார்கள். காகம் கலைப்பது எங்கள் வேலை. அந்த அவியல் மணம் இப்போது ஊருக்குள் அரிது. ஆலையில் இருந்து மூட்டை வருகிறது. ஆலைப் புழுங்கலும் நல்லதுதான். பார்க்க வேண்டியது எவ்வளவு தீட்டியிருக்கிறார்கள் என்பதை. வெள்ளை வெளேரென்ற அரிசிக்கு மனம் இழுபடுகிறது. நாட்டரிசி என்றும் சிவப்பரிசி என்றும் கேட்டு வாங்குபவரை ஏழை என்று நினைக்கிற பார்வையும் இருக்கிறது. சாப்பிடும் சோற்றில் பாதியாவது குத்தரிசியாகவோ தீட்டாத சிவப்பரிசியாகவோ இருந்தால் பி விற்றமினும் நாரும் கூடும். சோறு வயிற்றை நிரப்பும் வேகமும் இரத்தத்தில் சீனி ஏறும் வேகமும் மாறும். ஆனால் சிவப்பரிசியைத் தின்றால் இரத்தம் ஊறும் என்பது நிறத்தை வைத்து வந்த நம்பிக்கை. அதன் தவிட்டில் இரும்பைக் கட்டும் பைற்றேற்றும் கூடுதலாகவே உண்டு.

அரிக்கன் சட்டியில் அரிசியை அரிக்கும்போது கல் போவதற்கு இரண்டு தண்ணீர் போதும். தண்ணீர் தெளியும் வரை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவினால் தெளிவது தண்ணீர், போவது பி விற்றமின். சோற்றை வடிப்பவர்கள் கஞ்சியை ஊற்றிவிடாமல் உப்பும் ஒரு அகப்பை தேங்காய்ப் பாலும் விட்டுக் குடிக்கலாம். மாட்டுக்கு வைத்தால் மாடு கொழுக்கும். அது சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

மீனுக்கு வருவோம். மட்டக்களப்பில் பெரிய மீனுக்கு ஒரு மரியாதை. விருந்தென்றால் அறக்குளாவோ பாரையோ சூரையோ இருக்க வேண்டும். கீரி, சூடை, நெத்தலி எல்லாம் அன்றாட மீன். விலையும் குறைவு, மதிப்பும் குறைவு. சத்தின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்த வரிசை தலைகீழ். பெரிய மீனில் நாம் தின்பது சதைத் துண்டு மட்டும். நல்ல புரதம் கிடைக்கும், முள்ளில் இருப்பது கிடைக்காது. சின்ன மீனை முள்ளோடு தின்கிறோம், முள் என்பது கல்சியம். கண்ணும் தலையும் ஈரலும் போகாமல் தின்றால் விற்றமின் ஏ கிடைக்கும். கீரி, சூடை போன்ற எண்ணெய் மீன்களில் இதயத்துக்கு நல்ல ஒமேகா கொழுப்பும், உணவில் அபூர்வமாகவே கிடைக்கும் விற்றமின் டியும் இருக்கின்றன. புளி விட்டுச் சிறு நெருப்பில் கீரி மீனை வற்றவைக்கும்போது முள் மெதுவாகும்; பிள்ளைகளுக்குக்கூட நசித்துச் சோற்றோடு கொடுக்கலாம். டின்மீன் வாங்கும் வீடுகளில் அந்த மெதுவான நடுமுள்ளைத் தேடி எடுத்து எறிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த டின்னில் கல்சியம் இருப்பது பெரும்பாலும் அதற்குள்தான்.

கருவாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை வேண்டும். புரதமும் கல்சியமும் நிறைய, உப்பும் நிறைய. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைப்பதே நல்லது. நெத்தலிக் கருவாடும் அப்படித்தான்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கடல் மீன் இந்தப் பக்கம். நெல்லும் எருமையும் சேனையும் அந்தப் பக்கம். 2014ல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் முன்பு அந்த இடத்தில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். தயிர்ச் சட்டி கிழக்கே வர, மீன் மேற்கே போகும். இரண்டு கரையும் ஒன்றிடம் இல்லாததை மற்றது கொடுத்துச் சாப்பிட்ட ஊர் இது. எருமைத் தயிரில் பசுப்பாலைவிடக் கல்சியமும் கொழுப்பும் அதிகம். மீன் சாப்பிடாதவர்களுக்கு முக்கியமான இன்னொன்றும் அதில் உண்டு: விற்றமின் பி12.

பி12 எந்தக் கீரையிலும் பருப்பிலும் பழத்திலும் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் இவற்றில் மட்டும்தான். ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம், ஒரு துளிக்கும் துளி. எங்கள் ஈரலில் பல வருடங்களுக்குப் போதுமானது சேமிப்பில் இருக்கும். கண்ணகி அம்மன் சடங்குக்கு மரக்கறி சாப்பிடுவதாலோ கேதார கௌரி விரதம் 21 நாள் பிடிப்பதாலோ ஒரு குறையும் வராது. வருடக்கணக்காக மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பாலும் தயிரும் அற்பமாக எடுப்பவருக்கே அது மெல்ல மெல்லக் குறையும். அடுத்தது வயதானவர்கள். நீரிழிவுக்கு மெற்போர்மின் குளிசையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 சேருவது குறைகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விடயம். கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற எரிவு, மறதி, சோர்வு வந்தால் எல்லாவற்றையும் சீனி வருத்தத்தின் தலையில் போட்டுவிடுகிறோம். மருத்துவரிடம் பி12 பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் சின்ன இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குளிசையை மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

விற்றமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. பூசணியிலும் பப்பாசிப்பழத்திலும் கீரையிலும் இருக்கும் மஞ்சள் நிறப்பொருளை உடம்பு விற்றமின் ஏ ஆக்குவதற்குக் கூடவே கொஞ்சம் கொழுப்பு வேண்டும். பூசணிக்காய்ப் பாலாணத்தில் அந்தக் கொழுப்பு தேங்காய்ப் பாலாகவே வந்துவிடுகிறது. உடம்பு மெலிய வேண்டும் என்று தேங்காயை அடியோடு விட்டு அவித்த மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதற்காகக் கட்டிப் பால் மூன்று அகப்பை வேண்டுமென்று இல்லை. சுண்டலுக்குத் தூவும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவே போதும்.

ஆறு மாதம் முடிந்து சோறூட்டும் பிள்ளைகளில்தான் இது பெரிதாகத் தெரியும். வயிறு சின்னது; தண்ணியாகக் கஞ்சி கரைத்து ஊற்றினால் வயிறு நிறையும், பிள்ளை வளராது. அகப்பையைச் சரித்தால் ஒழுகாத அளவு கட்டியாக, மசித்த சோற்றோடு பருப்பு, முள் எடுத்த மீன், மசித்த பூசணி அல்லது கீரை, ஒரு கரண்டி தேங்காய் முதற்பால் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 1973 முதல் அரசு தரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் சேர்ந்த சத்துமா. அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டையாக்கி வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டுவிடுகிற பழக்கம் மட்டும் எனக்கு மனவருத்தம். அது அந்தப் பிள்ளையின் பங்கு.

விற்றமின் டியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு வெயில் கொட்டும் ஊரிலும் அது குறைவது, வெயில் தோலில் படாததால்தான். வீட்டுக்குள்ளும் கந்தோருக்குள்ளும் பகல் கழிபவர்கள், வெளியே போனாலும் உடம்பு முழுவதும் மூடிக்கொண்டு போகிறவர்கள், வளவுக்குள் கையும் காலும் வெயிலில் பட ஒள்ளுப்பம் நேரம் நிற்கலாம். முட்டை மஞ்சட்கருவும் எண்ணெய் மீனும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அயடீனுக்கு 1995 முதல் இலங்கையில் விற்கும் சாப்பாட்டு உப்பிலேயே ஏற்பாடு இருக்கிறது. உப்புப் போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல், கறி இறக்கும் நேரத்தில் போட்டால் போதும்.

பழமும் மரக்கறியும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம் என்று சொல்வார்கள். அதைக் கேட்டதும் கரட், லீக்ஸ், போஞ்சி, அப்பிள் என்று மலைநாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து வரும் விலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 94.9 வீதமாக ஏறிய நேரத்தில் எங்கள் வீட்டிலும் கரட் நின்றுபோனது. வேலியில் கிடந்தவைதான் அப்போது கை கொடுத்தன. மாரி மழை விழுந்ததும் முளைக்கும் சாரணை, வாய்க்கால் ஓரத்துப் பொன்னாங்காணி, கங்குன், வளவு அகத்தி, முருங்கை. வாடையில் கடல் குழம்பி மீன் குறையும் அதே மாதங்களில்தான் கீரை பொலியும். கோடையில் கீரை காயும், மீனும் பழமும் வரும். 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி. தோடம்பழத்தில் ஏறத்தாழ 50. வளவில் அணில் கொறிக்கும் கொய்யாவை விட்டுவிட்டு நோயாளி பார்க்கப் போகும்போது தோடம்பழம் வாங்குகிறோம்.

போத்தல் மாத்திரை யாருக்கு வேண்டும் என்றால், கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் தருவது, பரிசோதனையில் குறை தெரிந்தவருக்கு மருத்துவர் எழுதித் தருவது, பி12 கிடைக்காத சாப்பாடு உள்ளவருக்கு அது. மற்றவர்கள் சும்மா இருக்கட்டும் என்று விழுங்கினால் தண்ணீரில் கரைபவற்றில் மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரோடு போகும்; ஏயும் டியும் உடம்பில் தங்கித் தீங்கு செய்யும். கர்ப்பத்தில் விற்றமின் ஏ மிஞ்சினால் கருவையே பாதிக்கும். இரும்பும் அப்படி. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவருக்கும் ஈமோகுளோபின் குறைவாகவே காட்டும், இரும்புக் குறைபாடு போலவே தெரியும். இரும்பு அவருக்குக் குறையாமலே இருக்கலாம். எந்தக் குறை என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து.

தங்கச்சியின் மகளுக்கும் அதைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள், இரும்புக் குறைவுதான். அலுமாரிப் போத்தலின் பின்பக்கத்தை மருமகனோடு வாசித்தோம். விற்றமின் ஏ இருந்தது. அதை அவள் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினாள், எடுக்க வேண்டாம் என்றார்கள். இரும்புக் குளிசையை இரவில் படுக்கும் முன் தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டாள். சுண்டலுக்கு இலையை வடிப்பது நின்றது. கீரி மீன் முன்போலவே.

தேத்தண்ணிதான் கஷ்டமாக இருந்தது. முதல் கிழமை தங்கச்சியே இரண்டு தரம் மறந்து கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டாள். பிறகு கேத்தலைக் குசினித் தட்டில் கவிழ்த்து வைத்து, மூன்று மணி வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டாள். ஆறாம் மாதக் கார்டில் 10.8 என்று இருந்தது. அன்றைக்கு நான் போனபோது ஒன்றரை மணி. சாப்பிட்டு எழும்பியதும் எனக்குப் பழக்கத்தில் கை கிளாஸைத் தேடியது. தங்கச்சி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, வளவில் ஆய்ந்த கொய்யாப்பழம் ஒன்றைப் பிளந்து என் முன்னால் வைத்தாள்.